எதிரே வருகிறவருக்கும் கண் உண்டு



இரவு பத்து மணிக்கு பி ஷிஃப்ட் முடிந்ததும் ஒரகடம் கூட்டுரோட்டில் சேரும் வெளிச்சத்தை உங்களில் பலர் தினமும் பார்க்கிறீர்கள். சி ஷிஃப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் திரும்பி வருகின்றன. கேட்டைத் தாண்டி பைக்குகள் கும்பலாகக் கிளம்புகின்றன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய நீள டிரெய்லர்கள், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள், ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் அந்த நேரத்தில் அங்கேதான். அவற்றில் பலவற்றின் விளக்கு சாலையைப் பார்ப்பதில்லை. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கிறது.

இந்த மாதம் அந்த விளக்குகளைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று இந்தத் தடத்தில் வேலை பார்ப்பவர்களும், பிள்ளைகளை அங்கே வேலைக்கு அனுப்பியிருப்பவர்களும் நம் வாசகர்களில் நிறைய உண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சம்பளம், ஓ.டி., ஹாஸ்டல் சாப்பாடு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் பேச்சு வீடு திரும்பும் சாலையில் வந்து நிற்கிறது. மாடு, பள்ளம், நிறுத்தி வைத்த லாரி என்று வரிசையாகச் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னால், "எதிர்ல வர்றவன் லைட்டு" என்பார்கள்.

இதை ஒரு சின்ன எரிச்சலாக நினைத்து ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எதிர் விளக்கு கண்ணில் விழும்போது நடப்பதைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். ஒளி கண்ணுக்குள் நுழைந்ததும் அது முழுவதும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்வதில்லை. கருவிழியிலும் லென்ஸிலும் கொஞ்சம் சிதறுகிறது. சிதறிய ஒளி, நாம் பார்க்கும் காட்சி முழுவதன் மேலும் மெல்லிய வெள்ளைத் திரையாகப் படிகிறது. பளிச்சென்று இருக்கும் பொருள் அந்தத் திரையைத் தாண்டியும் தெரியும். மங்கலான பொருள் தெரியாது. கறுப்புச் சட்டை போட்டுச் சாலையோரம் நடக்கிறவர், விளக்கில்லாத சைக்கிள், எருமை மாடு எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடுகின்றன. கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஆள் தெரியவில்லை.

வண்டி நம்மைக் கடந்து போனதும் சரியாகிவிடுகிறதா என்றால், அதுவும் உடனே இல்லை. இருட்டுக்குப் பழகியிருந்த விழித்திரை மறுபடி பழகச் சில விநாடிகள் எடுக்கிறது. முழு இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் வரை ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டரைக் கடக்கிறது. மூன்று விநாடி கண் தெரியவில்லை என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

வயது ஏற ஏற இது இன்னும் கடினமாகிறது. நாற்பதைத் தாண்டியவர்களின் லென்ஸ் மெல்ல மங்கத் தொடங்குகிறது; கண்புரை ஆரம்பித்துவிட்டால் சிதறல் பல மடங்கு கூடும். இந்தச் சாலையில் கன்டெய்னர் ஓட்டும் டிரைவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி, துடைக்காத முன்கண்ணாடி, மழையில் நனைந்த தார்ச்சாலை என்று எது சேர்ந்தாலும் அதே விளக்கு இரட்டிப்பாகிவிடும்.

இந்தியாவில் நடக்கும் சாலை விபத்துகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் நடப்பதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்கின்றன. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. அந்த நேரத்தில் நெரிசலும் களைப்பும் குடியும் சேர்ந்திருக்கும் என்பதால் விளக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. விபத்து நடந்த பிறகு "எதிர் வெளிச்சத்தில் கண் கூசியது" என்பதற்குச் சாட்சியும் கிடைப்பதில்லை. கூசவைத்தவர் தனக்கு ஒன்றும் தெரியாமல் பத்து கிலோமீட்டர் போயிருப்பார்.

பழைய வண்டி ஓட்டிகளுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் மடக்கிய காலம் அது. டைனமோ டயரில் உரசிக்கொண்டு எரியும். மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. அதன் பிறகு வந்த பைக்குகளிலும் வேகத்தைக் குறைத்தால் விளக்கு மஞ்சளாகச் சுருங்கிப் போகும். வெளிச்சம் போதாது என்பதுதான் அப்போதைய குறை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது எல்.ஈ.டி. நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சைச் சேர்த்துத்தான் இன்று நம் வீட்டிலும் வண்டியிலும் எரியும் வெள்ளை வெளிச்சம் வருகிறது. குறைந்த மின்சாரம், நீண்ட ஆயுள், வேண்டிய அளவு வெளிச்சம். நல்ல கண்டுபிடிப்பு அது, அதன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் அதை நாம் எங்கே, எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான். இந்த இடத்தில் நம் தொழிற்சாலைத் தடத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கார் தொழிற்சாலை எதுவானாலும், வண்டி அசெம்பிளி லைனை முடித்து வெளியே வருவதற்கு முன் சில சோதனைகளைத் தாண்ட வேண்டும். வீல் அலைன்மென்ட், பிரேக் சோதனை, தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கும் ஷவர் டெஸ்ட். அவற்றோடு ஹெட்லைட் எய்மிங்கும் ஒன்று. வண்டியைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, முன்னால் இருக்கும் கருவியில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். டிம் லைட்டுக்கு மேல்பக்கம் ஒரு தெளிவான கோடு உண்டு. அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்தக் கோடு விளக்கின் உயரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து விழ வேண்டும். பொதுவாகப் பத்து மீட்டர் தூரத்தில் பத்து சென்டிமீட்டர் போல. அதற்கு மேலே ஏறினால், அங்கே நிற்கும் தம்பியோ தங்கையோ விளக்கின் பின்னால் இருக்கும் திருகைச் சுற்றி இறக்கிவிட்டுத்தான் வண்டியை அனுப்புவார். ஒவ்வொரு வண்டிக்கும் இது நடக்கிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டதிலிருந்து இங்கே இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தன. வல்லம் வடகாலில் யமஹா. ஸ்கூட்டரிலிருந்து கனரக லாரி வரை எல்லாவற்றையும் அரைமணிப் பயண வட்டத்துக்குள் செய்யும் இடம் இது. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் வழியில் புதுச்சத்திரத்தில், ஜப்பானின் கொய்டோ தொழில்நுட்பத்தில் ஹெட்லைட்டையே செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஜி.ஏ.ஆர்.சி. மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. வண்டி விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் இடம் நாட்டில் வேறு எத்தனை இருக்கும்?

அந்தக் கைகள் மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்து அனுப்பிய விளக்கைத்தான் சில நூறு ரூபாயில் கெடுத்துவிடுகிறோம்.

நெடுஞ்சாலையோரம் ஒரு அக்சஸரி கடையில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தேன். புது பைக்கோடு ஒரு இளைஞர் வந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கழுத்தில் ஐ.டி. கார்டு இருந்தது. கடைப் பையன் ஹெட்லைட் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஹாலஜன் பல்பை எடுத்து, பின்னால் குட்டி மின்விசிறி வைத்த எல்.ஈ.டி. பல்பைச் சொருகினார். கிராஷ் கார்டில் இரண்டு பக்கமும் சதுர விளக்குகளை மாட்டி, ஒயரை டேங்குக்கு அடியில் இழுத்து, ஹேண்டில்பாரில் ஒரு சின்ன சுவிட்சை ஒட்டினார். பத்து நிமிஷ வேலை. சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் முழுக்க வெள்ளை. எதிரே பூக்கடை வைத்திருந்த அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "சூப்பரா இருக்குண்ணா" என்றார் பையன். அந்த இளைஞருக்கும் சந்தோஷம். இரண்டு பேரிடமும் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை.

நடந்தது இதுதான். ஹாலஜன் பல்புக்குள் இருக்கும் இழை எந்த இடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் குழிவை வடிவமைக்கிறார்கள். இழையின் இடம் கொஞ்சம் தள்ளினாலும் அந்தக் குழிவு ஒளியை வேறு எங்கோ எறியும். எல்.ஈ.டி. பல்பில் ஒளி வருவது அந்த இழையிலிருந்து அல்ல; பக்கவாட்டில் ஒட்டிய சில்லுகளிலிருந்து. அதனால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்ற அந்தக் கோடு உடைந்துபோகிறது. டிம்மில் போட்டாலும் மேலேதான் அடிக்கும். "நான் டிம்லதாங்க வர்றேன்" என்று அந்த இளைஞர் சொன்னால் அது உண்மை. எதிரே வருகிறவர் கண் கூசுகிறது என்பதும் உண்மை. கம்பெனியே எல்.ஈ.டி.க்கென்று வடிவமைத்துப் பொருத்திய விளக்குகளில் இந்தக் கோளாறு இல்லை. அவற்றில் கோடு சரியாகவே இருக்கும். ஆனால் பின்னால் இரண்டு பேரும் மூட்டையும் ஏறினால் முன்பக்கம் தூக்கி, அந்தக் கோடும் மேலே ஏறிவிடும். கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். ஆளும் சுமையும் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு தாழும். நம்மில் பலர் அதைத் தொட்டதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் புது இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் விளக்கு தானாக எரிகிறது. எதிரே வருகிறவருக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் விளக்கைப் போடுவது அணைப்பது என்ற வேலையே இல்லாமல் போனதால், டிம்மா பிரைட்டா என்று பார்க்கும் பழக்கமும் பலருக்கு விட்டுப்போயிற்று. பகலிலிருந்து பிரைட்டிலேயே ஓடுகிற வண்டி இரவிலும் அப்படியே ஓடுகிறது. மீட்டரில் நீல நிறத்தில் ஒரு சின்ன விளக்குப் படம் எரிந்தால் நீங்கள் பிரைட்டில் போகிறீர்கள் என்று அர்த்தம். இன்றிரவு வண்டியை எடுக்கும்போது ஒருமுறை அதைப் பாருங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு அந்த இளைஞரின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. அவர் ஏன் சம்பளத்தில் ஒரு பங்கை விளக்குக்குக் கொடுக்கிறார்? பெரிய சாலையில் இருந்து இறங்கி அவர் தங்கியிருக்கும் ஊருக்குப் போகும் வழியைப் பார்த்தால் புரியும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தடுப்புச் சுவர் இருக்கிறது, பல இடங்களில் விளக்குக் கம்பம் இருக்கிறது. அங்கிருந்து உள்ளே பிரியும் ஏரிக்கரைச் சாலைகளில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் வயல், நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை. டிப்பர்கள் ஓடி ஓரம் உடைந்திருக்கும். பகலில் நடுச்சாலையில் படுத்த மாடு இரவிலும் அங்கேயே படுத்திருக்கும். சர்வீஸ் ரோட்டில் பார்க்கிங் விளக்குப் போடாமல், பின்பக்கம் சிவப்புப் பட்டையும் அழிந்துபோன நிலையில் கன்டெய்னர்கள் வரிசையாக நிற்கும். மாதத்தில் பாதி நாள் இரவில்தான் வீடு திரும்புகிறார் அவர். பயப்படுகிறவர் விளக்கை வாங்குகிறார். எதிரே வருகிறவரும் அதே பயத்தில் அதைவிடப் பெரிய விளக்கை வாங்குகிறார். முன்னவருக்கு இப்போது தன் விளக்கே போதாமல் போகிறது, ஏனென்றால் எதிர் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் போட்டி இருவருடைய பையையும் காலி செய்கிறதே தவிர, சாலையில் கிடக்கும் மாடு இருவருக்கும் தெரிவதில்லை.

ஆகவே, சாலையை இருட்டாக வைத்துவிட்டு விளக்கு மாட்டியவருக்கு மட்டும் அபராதம் போடுவதை என்னால் முழு மனதோடு ஆதரிக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் தடத்துக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டுவர அரசு காட்டிய அக்கறையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அது பெரிய காரியம். அதே அக்கறை பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கும் வர வேண்டும். ஓரத்தில் வெள்ளைக்கோடு, வளைவில் பிரதிபலிக்கும் குமிழ்கள், கூட்டுரோடுகளில் விளக்கு. இவை இருந்தால் கம்பெனி கொடுத்த விளக்கே தாராளமாகப் போதும். பிரதிபலிப்பான்கள் சாதாரண வெளிச்சத்திலேயே பளிச்சென்று தெரியும்படி செய்யப்பட்டவை. நிற்கும் லாரியின் பின்னால் ஒட்டிய நல்ல பட்டை ஒன்று, நூறு பைக்குகளில் மாட்டிய கூடுதல் விளக்குகளைவிட அதிக உயிரைக் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில் நெருக்கமாக வளர்ந்து நிற்கும் அரளிச் செடிகள் அழகுக்காக மட்டும் வைத்தவை என்று நினைக்கிறோம். எதிர்த் திசை விளக்கு கண்ணில் விழாமல் மறைப்பதும் அவற்றின் வேலை. ஆடு மாடு தின்னாத, தண்ணீர் அதிகம் கேட்காத செடி என்பதால் நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் பிடித்தமானது. அது காய்ந்துபோன இடங்களிலும், யூ-டர்ன் வெட்டிய இடைவெளிகளிலும் வெளிச்சம் சட்டென்று முகத்தில் அடிப்பதை ஓட்டுகிறவர்கள் உணர்ந்திருப்பார்கள். செத்த செடிக்குப் பதில் புதுச் செடி வைப்பதும் சாலைப் பாதுகாப்பு வேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. அப்படித் தாழ்த்தியே பொருத்தியிருக்க வேண்டும். அல்லது தாழ்த்த வசதி இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது எதிரே பைக்கில் வருகிறவரின் கண் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. அவரை நினைத்தே எழுதிய விதி போல இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. கேரளத்தில் இதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலா பஸ் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, விதியை மீறிய பஸ்கள் மேலும் அவற்றின் வண்ண விளக்குகள் மேலும் அந்த மாநில உயர் நீதிமன்றத்தின் கெடுபிடி அதிகமானது. அனுமதியில்லாத ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக 5,000 ரூபாய் என்று அங்கே கணக்குப் போடுகிறார்கள்.

அண்மையில் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. அதற்கு வழி திறந்தவர் நம்மூர்க்காரர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுப் போட்டார். சாலைப் பாதுகாப்புக்கென்று நீதிமன்றம் குழு அமைத்ததும், அதன் பிறகு வந்த பல உத்தரவுகளும் அந்த மனுவிலிருந்து கிளைத்தவை. 2025 அக்டோபர் 7ஆம் தேதி அதே வழக்கில் நீதிமன்றம் சொன்னவற்றில், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளும் இடம்பெற்றன. ஹெட்லைட்டின் அதிகபட்ச ஒளி அளவையும் அது விழும் கோணத்தையும் வரையறுக்க வேண்டும். புகைச் சோதனையின்போதும் தகுதிச் சான்று கொடுக்கும்போதும் அதைச் சரிபார்க்க வேண்டும். மாற்றிய விளக்குகளைத் தேடிப் பிடித்து அபராதம் போட வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. ஒரு மருத்துவர் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வந்து செய்த வேலை, ஏரிக்கரைச் சாலையில் வீடு திரும்பும் தம்பியின் கண் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வண்டியில் போகிறவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏ ஷிஃப்டுக்கு விடியற்காலை நாலரை மணிக்கே கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். விழுப்புரம், திருவண்ணாமலை, தென்மாவட்டங்கள், வடமாநிலங்கள் என்று பல ஊரிலிருந்து வந்தவர்கள். எதிரே வரும் விளக்கு முகத்தில் அடிக்கும்போது அவர்களுக்கு இரண்டு விதமாகக் கண் போகிறது. வருவது தாங்கள் ஏற வேண்டிய பஸ்ஸா என்று தெரிவதில்லை. காலடியில் மூடாத கால்வாய் இருப்பதும் தெரிவதில்லை. நெருங்கி வருகிற பைக்கில் இருப்பது யார், எத்தனை பேர் என்று பார்க்க முடியாமல் நிற்பது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தங்களைக் காட்டிக்கொள்ள அவர்கள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படிப் பிடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: டார்ச்சைக் கீழே, உங்கள் கால் பக்கமாகப் பிடியுங்கள். எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராகத் தூக்கினால் அவருக்கு டார்ச்தான் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். கேட்டில் கார்டு சரிபார்க்கும் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் இதே வேண்டுகோள். கார்டில் அடிக்கும் டார்ச் கண்ணுக்கு ஏற வேண்டாம். அந்த ஆள் அடுத்த நிமிஷம் வண்டி ஓட்டப் போகிறவர்.

இனி, நாம் செய்யக்கூடியது.

உங்கள் வண்டியை ஒரு சுவருக்கு எதிரே சமதரையில் ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். எப்போதும் போல ஏறி உட்காருங்கள். இன்னொருவர் தரையிலிருந்து விளக்கின் நடு வரை எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போடட்டும். டிம் லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். மேலே ஏறியிருந்தால் விளக்கின் பின்னாலோ அடியிலோ ஒரு திருகு இருக்கும். உங்கள் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்றில் இறக்கிவிடுவார். மேல் விளிம்பே தெளிவாகத் தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளையாகப் பரவினால், திருகைச் சுற்றிப் பயன் இல்லை. பழைய பல்பை மாட்டுங்கள். வீட்டில் எங்கேயாவது வைத்திருப்பீர்கள்.

ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டோ பட்டையோ ஒட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்களும் போக்குவரத்துப் போலீஸாரும் சாலையில் வண்டிகளை நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். பழைய வட்ட விளக்குகளுக்கு அது ஓரளவு உதவியது. இப்போதைய விளக்குகளுக்கு அதைவிடத் திருகு சரியாக இருப்பதுதான் முக்கியம்.

எதிரே கண் கூசும் விளக்கு வந்தால் அதைப் பார்க்காதீர்கள். உடனே உங்கள் இடதுபக்க ஓரத்து வெள்ளைக்கோட்டுக்குப் பார்வையை மாற்றி, வேகத்தைக் குறையுங்கள். ஒளிக்கும் நம் பார்வைக்கும் இடையே உள்ள கோணம் இரண்டு மடங்கானால் கண்ணில் படியும் திரை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. கொஞ்சம் விலகிப் பார்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பதிலுக்கு நாமும் பிரைட் அடித்துப் பாடம் கற்பிக்கப் பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் கண் தெரியாமல் ஒருவரை ஒருவர் நோக்கி வருவதால் யாருக்கு என்ன லாபம்?

லாரி அண்ணன்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது, இன்னும் பலரிடம் இருக்கிறது. எதிர் வண்டி தூரத்தில் தெரியும்போதே டிம்-டிப் அடிப்பார்கள். எதிரே இருப்பவரும் அடிப்பார். இருவரும் இறக்கிக்கொண்டு கடந்து போவார்கள். பேர் தெரியாத, முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அந்த மரியாதை இரவெல்லாம் நடந்துகொண்டே இருக்கும். புதிதாக வண்டி வாங்கிய நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது அப்பா, அண்ணன், மாமா என்று வீட்டில் இருக்கும் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

தொழிற்சாலை நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பைக் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வரிசை வரிசையாகத் தொழிலாளர்களின் வண்டிகள் நிற்கின்றன. ஹெட்லைட்டைச் சரிபார்க்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் உங்களில் பலரிடம் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஸ்டாண்டிலேயே ஒரு மேஜை போட்டு வண்டிகளின் விளக்கைப் பார்த்துத் திருகிக் கொடுங்கள். கூடவே ஒரு கண் பரிசோதனையும் வையுங்கள். கம்பெனி பஸ்களிலிருந்தும் ஒப்பந்த வேன்களிலிருந்தும் தொடங்கினால் இன்னும் நல்லது. ஹெல்மெட் இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டோம் என்று விதி போட்டு அதை நடத்திக் காட்டிய நிறுவனங்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம் என்றிருக்கிறோம். நீங்கள் தினமும் போகும் வழியில் எந்த இடம் இருட்டாக இருக்கிறது, எந்த வளைவில் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, எங்கே அரளி காய்ந்துவிட்டது, எங்கே விளக்கில்லாமல் லாரிகள் நிற்கின்றன என்று எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயர், அருகிலிருக்கும் கம்பெனி கேட் அல்லது பஸ் நிறுத்தம், நேரம் மூன்றும் இருந்தால் போதும். ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பில் நீளமாக எழுத வேண்டாம், ஒரு வரி போதும். வந்தவற்றைச் சாலை வாரியாகத் தொகுத்து நெடுஞ்சாலைத் துறைக்கும், காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியருக்கும், சிப்காட் அலுவலகத்துக்கும் கொடுக்கப் போகிறோம். கொடுத்த தேதியையும், அவர்கள் தரும் பதிலையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்